ஏரி நிறைந்த நாளை மறவாமல்



உத்திரமேரூர் வட்டாரத்து உழவர்க்குத் தை மாதம் இரட்டை வேலை மாதம். ஒருபுறம் சம்பா நெல் முற்றி அறுவடைக்கு நிற்கிறது. மறுபுறம் நவரைப் பட்டத்திற்கு நாற்று காத்திருக்கிறது. அறுத்த வயலின் ஈரம் காயுமுன்பே அடுத்த பயிருக்கு உழவு ஓட்ட வேண்டும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டு சேர்த்து, முறை வரும்வரை இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். வானம் சற்றுக் கறுத்தால் தார்ப்பாய் தேடி ஓட வேண்டும். விளைந்ததற்கு நன்றி சொல்ல வாய் திறக்கும் முன்பே, உரத்திற்குப் பணம் எங்கே, நடவுக்கு ஆள் எங்கே என்னும் கேள்விகள் வந்து வாயை அடைத்துவிடுகின்றன.

உழவர்க்கு மட்டுமா இந்த நிலை? ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், விடியுமுன்பே கம்பெனிப் பேருந்திற்காகச் சாலையோரம் நிற்கின்றனர். இரவு முறை முடிந்து வருகிறவர்கள், வீட்டார் எழும் நேரத்தில் படுக்கப் போகின்றனர். தறியில் அமர்ந்திருக்கும் தாயோ, பட்டு இழையோடு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒரே வீட்டில் வாழ்வோர் ஒன்றாக அமர்ந்து உண்பதும் அரிதாகிவிட்டது. வேலை மிகுந்ததால் செபம் குறைந்தது. செபம் குறைந்த இடத்தில் கவலை வந்து குடியேறியது. பல கிறிஸ்தவ இல்லங்களின் இன்றைய கதை இதுதான்.

சில வாரங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த அம்மையார் ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்டார்: “ஐயா, கவலைப்படாதீர்கள் என்று கோயிலில் சொல்லுகிறார்கள். வீட்டிற்குப் போனால் சீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். நகை சங்கத்தில் அடகில் இருக்கிறது. பெண்ணுக்கு வயது ஏறுகிறது. இதில் நான் எதற்கு ஐயா நன்றி சொல்வது?”

அக்கேள்வியில் குற்றம் ஏதுமில்லை. அது விசுவாசமற்ற கேள்வியும் அன்று. விசுவாசம் இல்லாதவர் பூசைக்கே வந்திருக்கமாட்டார்; அந்த வேதனையை வாய்விட்டுச் சொல்லியும் இருக்கமாட்டார். அவருக்கு உடனே சொல்லக்கூடிய ஆறுதல் மொழிகள் பல உண்டு. ஆனால் கடன்பட்ட நெஞ்சிற்கு வெறும் ஆறுதல் மொழி மற்றொரு சுமையாகிவிடும். ஆகவே, கவலை என்பது யாது, நன்றி என்பது யாது என்று இம்மாதம் சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கவலை வேறு, கடமை வேறு. நாளைக்கு வேண்டியதை இன்று சிந்தித்து ஏற்பாடு செய்வது பாவமன்று. இதை நமக்கு உணர்த்த நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் பெயர்களை எடுத்து, ஊர்ப் பணிகளுக்கு வாரியங்கள் அமைத்த செய்தி அவற்றில் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஆண்டு வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். அச்சபையில் அன்று எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை என்பது உண்மையே. நிலமும் கல்வியும் உடையோர்க்கே அது உரியதாயிருந்தது. ஆயினும் அவர்கள் வகுத்த ஒழுங்கில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

ஏரி வாரியத்தார் அறுவரும் ஏரியைக் காக்கும் பொறுப்பை ஏற்றனர். ஆனால் அப்பொறுப்பு அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் இல்லை. முந்நூற்று அறுபது நாள் மட்டுமே. அந்நாள்கள் முடிந்ததும் அவர்கள் விலக, வேறு அறுவர் வந்தனர். பொறுப்பேற்றவர் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்டத் தவறியவர் மீண்டும் வாரியத்தில் சேர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் சேர இயலாது. கடமை என்பது இத்தகையது. அதற்கு அளவு உண்டு, தவணை உண்டு, பங்காளிகள் உண்டு, முடிவில் கணக்கும் உண்டு.

கவலைக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அதற்குத் தவணை கிடையாது. அறுவர் சுமக்க வேண்டியதை ஒருவர் தலைமேல் அது ஏற்றிவைக்கிறது. இன்றைய நாளின் வேலையோடு நில்லாமல், அடுத்த ஆண்டின் மழையையும் பத்தாண்டு கழித்து வரக்கூடிய நோயையும் இன்றே சுமக்கச் சொல்கிறது. முடிவில் அது காட்டும் கணக்கும் பொய்க் கணக்கு. ஏனெனில் செலவை மட்டும் எழுதி, வரவை எழுதாமல் விடுகிறது. இல்லாதவை அனைத்தும் அந்த ஏட்டில் இருக்கும். இறைவன் தந்தவற்றுள் ஒன்றும் இராது. ஓர் ஆண்டின் கணக்கை அவ்வாறு எழுதிக்கொண்டு வந்தவரை அன்றைய சபையார் ஏற்றிருப்பார்களா?

நன்றி என்பது வரவையும் சேர்த்து எழுதும் நேர்மையான கணக்கு. கடனை இல்லையென்று சொல்லுவது நன்றியன்று. கண்ணீரை மறைத்துச் சிரிப்பதும் நன்றியன்று. கடன் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியபின், வரவுப் பக்கத்தையும் உள்ளபடி எழுதுவதே நன்றி. இத்தனை ஆண்டு உணவளித்தவர் யார்? பிள்ளை காய்ச்சலில் கிடந்த இரவில் உடன் விழித்திருந்தவர் யார்? அடகு வைக்க ஒரு நகையேனும் வீட்டில் இருந்தது யாருடைய உழைப்பால், யாருடைய அருளால்? இவற்றை எழுதிப் பார்க்கும்போது கடன் தீர்ந்துவிடாது. ஆனால் அக்கடனை எதிர்கொள்ளும் மனிதர் தனியாக இல்லை என்பது விளங்கிவிடும்.

ஏரியின் பயனும் இதுவே. நம் பகுதி ஏரிகளை நம்பி வாழும் பகுதி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. பாலாறும் செய்யாறும் பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்கள் பெய்வதைத் தேக்கி வைத்தே கோடையைக் கடக்க வேண்டும். பல்லவர் காலத்திலேயே இவ்வூர் மக்களுக்கு வைரமேகத் தடாகம் என்னும் பேரேரி இருந்தது. ஆண்டுதோறும் அதில் தூர் எடுப்பதற்கென்று பொன் வைத்துச் சென்றவர்களைப் பற்றியும் இவ்வூர்க் கல்வெட்டுகள் பேசுகின்றன. மழை பெய்த நாளிலேயே மழை இல்லாத நாளை எண்ணியவர்கள் அவர்கள். அச்சத்தால் அவர்கள் நடுங்கிக் கிடக்கவில்லை. கரையைப் பலப்படுத்தி, மதகைச் செப்பனிட்டு, தூரை வாரினார்கள்.

நன்றியுள்ள நெஞ்சும் ஓர் ஏரிதான். இறைவன் பொழிந்த நன்மைகளை அது தேக்கி வைக்கிறது. வறண்ட நாள் வரும்போது மதகைத் திறந்து பயிரைக் காக்கிறது. நன்றி மறந்த நெஞ்சு தூர்ந்துபோன ஏரி. எத்தனை மழை பெய்தாலும் அதில் நீர் நிற்பதில்லை. கலங்கல் வழியே வழிந்தோடிவிடுகிறது. தை கழியுமுன்பே அது வறண்டுபோகிறது. பிறகு, மழையே பெய்யவில்லை என்று வானத்தைக் குறை கூறுகிறோம்.

இதை நம் தலைமுறையே கண்கூடாகக் கண்டிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் காஞ்சிபுரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. ஏரிகள் நிரம்பி வழிந்தன, கரைகள் உடைந்தன, பயிரும் வீடும் நீரில் மூழ்கின. மழை போதும் என்று மன்றாடினோம். அடுத்த ஆண்டே, 2016-இல், வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையென அரசு அறிவித்தது. மழை வேண்டும் என்று மன்றாடினோம். பதினான்கு மாத இடைவெளியில் வெள்ளத்திற்கும் அஞ்சினோம், வறட்சிக்கும் அஞ்சினோம். 2015-இல் வெள்ளம் வடிந்தபின், கிணறுகள் ஊறியதற்காக நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தோர் எத்தனை பேர்? வேண்டுதலுக்கு வந்த கூட்டம் நன்றிக்கு வந்ததா? பத்துத் தொழுநோயாளர் நலம்பெற, திரும்பி வந்து நன்றி கூறியவர் ஒருவரே என்னும் நற்செய்திப் பகுதி நமக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. அந்த ஒருவரும் யூதர் அல்லர், சமாரியர். அன்றைய மக்கள் அயலானென்று ஒதுக்கியவர்.

இத்தகைய நன்றியை ஊர்ப்பெயரைப்போல் நிலைநாட்டிய இடமும் நம் மறைமாவட்டத்தில் உண்டு. அச்சிறுபாக்கத்துக் குன்றின்மேல் வீற்றிருக்கும் அன்னையை மக்கள் மழைமலை மாதா என்று அழைக்கின்றனர். வறட்சியில் வாடிய மக்கள் அன்னையின் பரிந்துரையை நாடி மழை பெற்றனர் என்பது அத்தலத்தைப் பற்றி மக்கள் சொல்லிவரும் வரலாறு. மழை பெய்து ஓய்ந்தது, நீர் வடிந்தது, அந்நீரில் விளைந்த நெல்லும் உண்டு தீர்ந்தது. ஆனால் பெயர் நின்றது. அப்பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், பெற்ற மழையை மக்கள் நினைவுகூர்கின்றனர். நினைவில் நிறுத்திய நன்மையே அடுத்த வறட்சியில் மீண்டும் மலையேறும் துணிவைத் தருகிறது. நன்றியிலிருந்து விசுவாசம் பிறப்பது இவ்வாறே.

நமதாண்டவர் மலைமேல் அமர்ந்து போதித்தபோது, வானத்துப் பறவைகளை நோக்கச் சொன்னார். விதைப்பும் அறுப்பும் களஞ்சியமும் அறியாத அவற்றையும் விண்ணகத் தந்தை காக்கிறார் என்றார். நாம் அப்பறவைகளைக் காண ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே இருக்கும் வேடந்தாங்கலுக்குச் சென்றால் போதும். பருவமழையால் ஏரி நிறைந்ததும் நத்தைகொத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் ஆயிரக்கணக்கில் வந்து, நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன.

அங்கே சிறிது நேரம் நின்று பார்த்தவர்க்கு இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, அப்பறவைகள் சோம்பியிருப்பவை அல்ல. தாயும் தந்தையும் மாறிமாறிப் பறந்து, அக்கம்பக்கத்து ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடிவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. விடிந்தது முதல் இருட்டும்வரை அவற்றுக்கு ஓய்வில்லை. ஆகவே பறவையைப் பார் என்று ஆண்டவர் சொன்னது, வேலையை விட்டுவிட்டு உட்கார் என்பதற்காக அன்று. உழைத்துக்கொண்டே அஞ்சாதிருக்கலாம் என்பதற்கு அவை சான்று.

இரண்டாவது, அப்பறவைகளைக் காத்ததில் மனிதர்க்கும் பங்குண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் அவற்றைச் சுட்டபோது, வேடந்தாங்கல் மக்கள் செங்கற்பட்டு ஆட்சியரிடம் சென்று முறையிட்டு, பறவைகளைச் சுடக்கூடாது என்று உரிமை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் பயிருக்கு நல்ல உரமென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவைகள் மருளாதிருக்கும்பொருட்டுத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது. விண்ணகத் தந்தை பறவைகளைக் காக்கிறார். ஆயினும் அவ்வூராரின் கைகளைக் கொண்டே காக்கிறார். இறைவனின் பராமரிப்பு பெரும்பாலும் அயலார் வாசல் வழியாகவே நம் வீட்டிற்கு வருகிறது. ஆதலால் இறைவனுக்கு நன்றி கூறுவோர் மனிதருக்கும் நன்றி கூறக் கற்க வேண்டும். கவலையில் தவிப்பவர் வீட்டிற்கு நாம் போவதும், அவர் சொல்லிக்கொண்டிருக்கும் செபத்திற்கு இறைவன் அளிக்கும் விடையாக இருக்கலாம்.

புனித சின்னப்பரை நோக்குங்கள். பிலிப்பி நகரத்தார்க்கு அவர் எழுதிய திருமுகம், மகிழ்ச்சியைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசும் திருமுகம். அதை அவர் எழுதியது மாளிகையில் அன்று, சிறையில். எதைக் குறித்தும் கவலை வேண்டாம், உங்கள் தேவைகளை நன்றியோடு சேர்த்தே இறைவன்முன் வையுங்கள் என்று அவர் அறிவுறுத்துகிறார். கேட்டது கிடைத்தபின் நன்றி சொல்லுங்கள் என்று அவர் கூறவில்லை. கேட்கும்போதே நன்றியும் உடனிருக்கட்டும் என்கிறார். முன்பு பெற்றவற்றை நினைவில் வைத்திருப்பவராலேயே அவ்வாறு கேட்க முடியும்.

அதே திருமுகத்தில், நோயுற்றிருந்த தம் உடனுழைப்பாளர் எப்பாப்பிராதீத்துவை விரைவில் அனுப்புவதாகவும், அதனால் தம் துயரம் குறையும் என்றும் அவர் எழுதுகிறார். துயரமே அறியாத கல்நெஞ்சர் அல்லர் அவர். பிலிப்பியர் தமக்கு அனுப்பிய உதவியைக் குறிப்பிட்டு, மனம் நெகிழ்ந்து பாராட்டவும் செய்கிறார். கவலை வந்தபோது அவர் அதை மறைக்கவில்லை. அதற்குத் தம் உள்ளத்தில் அரியணையும் கொடுக்கவில்லை.

இனி, நம் தமிழ் மண்ணில் வாழ்ந்த ஒருவரைக் காண்போம். சனவரி 14-ஆம் நாள், பொங்கலை ஒட்டி, நாம் கொண்டாடும் புனித தேவசகாயம் அவர். இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றியவர். நல்ல பதவியும் நிலபுலனும் உடையவர். அவர் குடும்பத்திற்கு அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன, கால்நடைகள் மடிந்தன. எதனால் இவ்வாறு நேர்கிறது என்று கலங்கி நின்றார். நம் உழவர் குடும்பங்கள் நன்கறிந்த கலக்கம் அது.

1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைத் தலைவராக உயர்ந்த டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பரானார். கத்தோலிக்கரான டிலனாய், நண்பரின் கலக்கத்தைக் கண்டு, யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். மந்தைகளையும் மக்களையும் இழந்த நாளிலும் இறைவனின் திருப்பெயரைப் போற்றிய யோபு, நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இறைவனே துணை என்பது அப்பெயரின் பொருள்.

அதன்பின் அவருடைய தொல்லைகள் தீர்ந்தனவா? இல்லை, பெருகின. 1749-இல் கைது செய்யப்பட்டார். விலங்கிடப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, மூன்றாண்டுகள் வதைக்கப்பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். குருவும் அல்லாத, துறவியும் அல்லாத குடும்பத்தவர் ஒருவர் இந்திய மண்ணிலிருந்து புனிதராக உயர்த்தப்பட்டது அதுவே முதன்முறை. விசுவாசம் கவலைகளுக்குக் காரணமானவற்றை அகற்றும் மந்திரம் அன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று. கால்நடை மடிந்தபோது கலங்கியவர், தம் உயிரே போகும் நாளில் கலங்கவில்லை. அவரைச் சூழ்ந்திருந்தவை மாறவில்லை. அவர் யாரை நம்பினார் என்பது மாறியிருந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். நன்றியோடிரு என்னும் அறிவுரையை எளியோரின் வாயடைக்கும் துணியாக எவரும் பயன்படுத்தலாகாது. கூலியை உரிய நாளில் தராதவர், வேலையாளைப் பார்த்து, இருப்பதைக்கொண்டு நன்றியோடிரு என்று சொல்வது விசுவாசமன்று; அநீதி. தடுத்து வைத்த கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று புனித யாகப்பரின் திருமுகம் கண்டிக்கிறது. யோபுவும் மௌனமாகவே இருந்துவிடவில்லை. இறைவனிடம் வாதாடினார், அழுதார், கேள்வி கேட்டார். அவரைத் திருத்த வந்த நண்பர்களையே இறுதியில் இறைவன் கடிந்துகொண்டார். ஆகவே உரிமையைக் கேட்பதும் நியாயத்திற்காகச் சங்கத்தில் கூடிநிற்பதும் நன்றிக்கு மாறானவை அல்ல. நன்றியுள்ளவர் தம் மதிப்பை அறிந்தவர்; அதனால் பிறர் மதிப்பையும் காக்கிறவர்.

அந்த அம்மையாரின் கேள்விக்கு விடையும் இதையொட்டியே அமைய வேண்டும். சீட்டுக்கடனுக்காக அவர் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அக்கடனை ஒளிக்காமல் கணவரோடும் வளர்ந்த பிள்ளைகளோடும் அமர்ந்து பேச வேண்டும். இம்மாதம் எவ்வளவு இயலும் என்று எழுதி, அதைச் சீட்டுக்காரரிடம் நேரே சொல்ல வேண்டும். பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையாரையோ அன்பியத்தாரையோ கலந்துகொள்ளத் தயங்கக் கூடாது. இவை கடமைகள். இவற்றை முடித்தபின் எஞ்சியிருப்பதை இறைவன் கையில் வைத்து, இன்று பெற்ற நன்மைக்கு நன்றி சொல்லி உறங்க வேண்டும். கடமையைச் செய்யாமல் நன்றி மட்டும் சொல்வது வெறும் சொல். கடமையைச் செய்துவிட்டும் விடியவிடியக் கவலைப்படுவது, இறைவனின் வேலையையும் நாமே எடுத்துக்கொள்வது.

வேலை மிகுந்தோர்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். மார்த்தாளுக்கும் நேரம் இருக்கவில்லை. ஆண்டவர் அவளைக் கடிந்தது அவள் சமைத்ததற்காக அன்று. பலவற்றை எண்ணிக் கலங்கியதற்காக. அதே மார்த்தாள், தம்பி லாசர் கல்லறையில் கிடக்க, இயேசுவே கிறிஸ்து என்று அறிக்கையிட்டதை அருளப்பர் நற்செய்தியில் காண்கிறோம். அடுப்படியில் ஓயாது உழைத்தவள் பெரும் விசுவாசம் உடையவளாகவும் இருந்தாள். ஓடியாடி உழைக்கும் நம் தாய்மாரும் அவ்வாறே ஆகலாம்.

இவ்வாண்டு நம் இல்லங்களில் செய்யத்தக்க சிலவற்றைக் கூறுவோம். திரிகாலச் செபத்திற்கு மணி ஒலிக்கும்போது, வயலிலோ தறியிலோ அடுப்படியிலோ எங்கிருந்தாலும் ஒரு நிமிடம் கையை நிறுத்துங்கள். இரவுச் செபத்தில் செபமாலை சொல்லி முடித்ததும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அன்று பெற்ற நன்மை ஒன்றைப் பெயர் சொல்லிக் கூறட்டும். பொதுவாக, எல்லாவற்றிற்கும் நன்றி என்று சொல்லிவிடாதீர்கள். பேருந்தில் இடம் தந்தவர், காய்ச்சல் தணிந்த குழந்தை, கடனாக உழக்கு அரிசி தந்த பக்கத்து வீட்டம்மாள் என்று பெயரிட்டுச் சொல்லுங்கள். இரவு முறைக்குச் சென்ற மகனும் அந்நேரம் கைப்பேசியில் அழைத்துத் தன் பங்கைச் சொல்லலாம்.

வீட்டுச் செலவு எழுதும் நோட்டின் பின்பக்கங்களை நன்மைக் கணக்கிற்கு ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை வேண்டுதலுக்குப் பூசை எழுதி வைக்கும் குடும்பம், ஆண்டிற்கு ஒருமுறையேனும் நன்றிப் பூசைக்கு எழுதட்டும். நற்கருணை என்று நாம் வழங்கும் திருவருட்சாதனத்திற்குரிய கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றி செலுத்துதல் என்பதாகும். தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில், மறுநாள் சிலுவை காத்திருக்கிறது என்று அறிந்தே, நம் ஆண்டவர் அப்பத்தைக் கையிலெடுத்து நன்றி செலுத்தினார். அதைவிடக் கவலைக்குரிய இரவு எவருக்கு வாய்த்தது? அந்த நன்றியில்தான் ஒவ்வொரு ஞாயிறும் நாம் பங்கு பெறுகிறோம்.

பொங்கலன்று புதுப்பானையில் பால் பொங்கும்போது, முதல் கரண்டியை எடுக்குமுன் குடும்பமாக நின்று ஆண்டவரைப் போற்றுங்கள். அறுவடை குறைந்தவர் வீட்டிற்கும் அறுவடையே இல்லாதவர் வீட்டிற்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். உங்கள் வயலில் நாற்று நட்டவர், கதிர் அறுத்தவர், மூட்டை சுமந்தவர் ஆகியோரின் கணக்கை அன்றைக்குள் தீர்த்துவிடுங்கள். மனிதருக்குத் தர வேண்டியதை வைத்துக்கொண்டு இறைவனுக்குச் சொல்லும் நன்றி பலிபீடம் வரை செல்லாது.

நவரை நடவு காத்திருக்கிறது. இவ்வாண்டுக் கோடை எப்படியிருக்கும் என்பதை நாம் அறியோம். கரையைப் பார்த்து, மதகைச் செப்பனிட்டு, நாற்றை நடுவோம். அது நம் முந்நூற்று அறுபது நாள் பொறுப்பு. மழையைத் தருகிறவர் இதுவரை நம்மைக் கைவிட்டதில்லை. ஏரி நிறைந்த நாளை மறவாதிருப்போம். அது வற்றும் நாளிலும் அவரை நம்பத் துணிவு பெறுவோம். உழைக்கும் உங்கள் அனைவரின் இல்லங்களிலும் இறைவனின் அமைதி தங்குவதாக!